வேகத்தைக் குறைத்தால் போதாதா, எதற்குக் குளிர்விக்க வேண்டும்? (அயனிக் கற்றை பற்றி ஒரு சந்தேகம்)

#1 தேவகோட்டை டீச்சர் (திங்கள், இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து படிப்பார்கள். நேற்று, அயனிகளைச் சுழற்றி வேகமாக்குகிற சைக்ளோட்ரான் கருவி பற்றிய பாடம் முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அவ்வளவு செலவு பண்ணி வேகமாக்குறாங்க. அப்புறம் செர்ன்ல அதையே மெதுவாக்கவும் ஒரு மெஷின் வச்சிருக்காங்களாமே, எதுக்கு?"

செர்ன் என்பது ஐரோப்பாவின் அணுத்துகள் ஆய்வு மையம். மெதுவாகப் போனால்தான் துகளைப் பிடித்து வைத்து அளக்க முடியும் என்று சொன்னேன். அது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் ராத்திரி உட்கார்ந்து வாசித்தபோது 'குளிர்வித்தல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் மெதுவாக்குகிறார்கள், பிறகு குளிர்விக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா? வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றல் என்று நாமே கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். அப்படியானால் வேகம் குறைந்தாலே குளிர்ந்ததாகத்தானே அர்த்தம்? பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#2 சிறாவயல் தம்பி (திங்கள், இரவு 9.42)

டீச்சர், நான் மின்னியல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எனக்குத் தெரிந்து இரண்டும் ஒன்றுதான். 30,000 வோல்ட்டில் முடுக்கிய அயனியை, 29,950 வோல்ட்டில் வைத்த ஒரு குழாய்க்குள் அனுப்புங்கள். மேடேறுகிற சைக்கிள் மாதிரி ஆற்றலை இழந்து, உள்ளே போகும்போது 50 எலக்ட்ரான் வோல்ட்தான் மிஞ்சியிருக்கும். மெதுவாகியும் விட்டது, குளிர்ந்தும் விட்டது. தனியாக இன்னொரு கருவி எதற்கு என்று எனக்கும் புரியவில்லை.

#3 கண்டனூரான் (செவ்வாய், அதிகாலை 1.15)

டீச்சருக்கு வணக்கம். நான் வெளிநாட்டில், அயனிகளைப் பிடித்து வைக்கிற பொறியோடு வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். தினமும் கையில் படுகிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றில்லை. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஒரு பஸ் போகிறது. வண்டி வேகமெடுத்ததால் உள்ளே இருக்கும் காற்று சூடாவதில்லை. காற்று மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தாறுமாறாக ஓடுகின்றன என்பதுதான் வெப்பநிலை. எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் போகிற வேகத்துக்கு அதில் பங்கு கிடையாது. கரும்பலகையில் எழுதுகிற அந்த வரியில் 'தாறுமாறான இயக்கத்தின்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

இப்போது தம்பி சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிறை எண் 100, ஒரு மின்னூட்டம், 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இந்த அயனியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். காரைக்குடியில் கிளம்பினால் இரண்டு நொடிக்குள் சென்னையைத் தாண்டிவிடும். அயனி மூலத்திலிருந்து எல்லாம் அச்சடித்தாற்போல ஒரே ஆற்றலோடு வருவதில்லை. 5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோவில் அது அற்பம். வேக வித்தியாசம் நொடிக்கு 20 மீட்டர்தான் வரும்.

தம்பியின் எதிர் வோல்டேஜ் எல்லா அயனியிடமிருந்தும் ஒரே அளவு ஆற்றலைப் பிடுங்குகிறது. ஆனால் அந்த 5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தை அது தொடவே இல்லை. இப்போது சராசரி 50, வித்தியாசம் 5. சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், வேக வித்தியாசம் 490 மீட்டர்! இருபதாக இருந்தது நானூற்றுத் தொண்ணூறு ஆகிவிட்டது. அதாவது கற்றை மெதுவானது, ஆனால் முன்பைவிடச் சூடாகிவிட்டது.

பக்கவாட்டிலும் இதே கதைதான். முன்னோக்கிய வேகம் குறைகிறது, பக்கவாட்டு வேகம் அப்படியே நிற்கிறது. ஆகவே கற்றை விரிந்து குழாயின் சுவரில் போய் மோதும். 30 கிலோவிலிருந்து 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வந்தால் கோண விரிவு 24 மடங்கு கூடும். முதன்முதலில் நான் ஒரு கற்றையை இப்படி மெதுவாக்கியபோது, அயனிகளை வாங்கி அளக்கிற ஃபாரடே கப்பில் வந்துகொண்டிருந்த மின்னோட்டம் திரையில் அப்படியே சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது. அயனிகள் எங்கும் காணாமல் போகவில்லை. அத்தனையும் சுவரில் ஒட்டிக் கிடந்தன.

#4 சிறாவயல் தம்பி (செவ்வாய், காலை 7.30)

அண்ணே, கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 490 சரியாக வருகிறது. வேகத்தின் இருமடியில்தானே ஆற்றல், அதை யோசிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி. விரிகிற கற்றையை மின்புல லென்ஸ் வைத்துக் குவித்துவிடலாமே? எதிர் வோல்டேஜையும் லென்ஸையும் மாற்றி மாற்றி வைத்தால், குளிர்விக்கப் பயன்படுத்துகிறார்களாமே, அந்த வாயு, லேசர் எதுவும் வேண்டாம் அல்லவா?

#5 கண்டனூரான் (செவ்வாய், பிற்பகல் 12.05)

அது முடியாது தம்பி. முடியாது என்பதற்குப் பின்னால் லியூவில் தேற்றம் நிற்கிறது. ஒவ்வொரு அயனிக்கும் 'எங்கே இருக்கிறது', 'எவ்வளவு உந்தத்தோடு போகிறது' என்று இரண்டையும் சேர்த்து ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். எல்லாப் புள்ளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவை, வெளியிலிருந்து கொடுக்கிற மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ குறைக்க முடியாது. கொழுக்கட்டை மாவு மாதிரி. நீளமாக உருட்டலாம், தட்டையாக அழுத்தலாம், மாவின் அளவு அதேதான். லென்ஸ் வைத்துக் குறுக்கினால் கோணம் விரியும். கோணத்தைச் சுருக்கினால் கற்றை பருக்கும்.

மாவே குறைய வேண்டுமென்றால், அயனி தன் தாறுமாறான ஆற்றலை வேறு எதனிடமாவது கொடுத்துவிட்டு வர வேண்டும். உராய்வு மாதிரி ஒன்று தேவை. அதுதான் குளிர்வித்தல்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உராய்வைத் தருவது ஹீலியம். நீளவாக்கில் நான்கு உலோகக் கம்பிகள், நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. எதிரெதிர்க் கம்பிகள் ஒரு ஜோடி. இரண்டு ஜோடிக்கும் நேர்மாறான மின்னழுத்தம், நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் அயனியை வெளியே இழுக்கும் கம்பி அடுத்த கணம் உள்ளே தள்ளும். மொத்தத்தில் அயனி நடுக்கோட்டை விட்டு விலகாது. வோல்ஃப்காங் பவுல் கண்ட வழி இது. அயனிப் பொறிகளில் உழைத்த ஹான்ஸ் டேமெல்ட்டும் அவரும் 1989 நோபல் பரிசில் பாதியைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சமாக ஹீலியம் விடுகிறோம். 50 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிற நிறை எண் 100 அயனி, நிறை எண் 4 ஹீலியத்தில் முட்டுகிறது. கோலிக்குண்டு மாதிரி வைத்துக் கணக்கிட்டால் ஒரு மோதலுக்குச் சராசரியாக ஏழு சதவீத ஆற்றல் போகும். நூறு மோதல் ஆனால் அறை வெப்பநிலைக்கு வந்துவிடும். அதாவது 0.025 எலக்ட்ரான் வோல்ட் என்ற கணக்குக்குப் பக்கத்தில். இதற்கு ஆகிற நேரம் மில்லி நொடிக் கணக்கில்தான். 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது, இப்போது நொடிக்கு 270 மீட்டர் அளவில் இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருக்கும். கம்பிகள் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியவை. ஒவ்வொரு துண்டிலும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக இறக்கி, அயனியை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டு போவோம்.

தம்பி, உன் எதிர் வோல்டேஜும் இங்கே கட்டாயம் வேண்டும். 30 கிலோவோடு நேராக வாயுவில் இடித்தால் அயனி சிதறித் தெறிக்கும், எலக்ட்ரானைக்கூட இழக்கும். முதலில் மெதுவாக்கு, பிறகு குளிர்வி. வரிசை இதுதான்.

#6 தேவகோட்டை டீச்சர் (செவ்வாய், மாலை 5.20)

பஸ் உதாரணத்தை இன்றே சொல்லிவிட்டேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 'கற்றையைக் கொத்துக் கொத்தாக விடுவது' என்று ஒன்று வாசித்தேன். அது இந்தக் கருவியிலேயே நடக்கிறதா?

#7 கண்டனூரான் (செவ்வாய், இரவு 11.40)

ஆமாம், அதே கருவியின் கடைசிப் பகுதியில். பழனி பாதயாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். குன்றக்குடியில் கூடிக் காவடியோடு கிளம்புகிறவர்கள் நடக்க நடக்கக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டுவிடுகிறார்கள். ராத்திரி தங்குமிடத்தில் கடைசியாக வருபவர்வரை எல்லாரும் வந்து சேருகிறார்கள். விடியற்காலையில் காவடி எழுந்ததும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். எங்கள் கருவியின் கடைசித் துண்டில் மின்னழுத்தத்தைப் பள்ளமாக வைத்திருப்போம். குளிர்ந்த அயனிகள் வந்து அதில் தங்கும். 100 மில்லி நொடி சேர்த்துவிட்டு, வாசலைச் சட்டென்று திறந்தால் பத்து மைக்ரோ நொடிக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

லேசர் வைத்து அணுக்கருவை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். லேசர் ஒளி எங்கெங்கோ பட்டுச் சிதறி, அயனியே இல்லாதபோதும் டிடெக்டர் எண்ணிக்கொண்டிருக்கும். கொத்து வருகிற பத்து மைக்ரோ நொடியில் மட்டும் எண்ணினால், பின்னணி இரைச்சல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஃபின்லாந்தின் யுவாஸ்குலாவில் 2002 வாக்கில் இதைச் செய்து காட்டினார்கள். பிறகு செர்னின் ஐசோல்டே நிலையத்திலும் இதே வேலைக்கு ஐஎஸ்கூல் என்ற கருவி வந்தது.

அணு எடை அளக்கிற பென்னிங் பொறிக்கும் இப்படிப்பட்ட கொத்துதான் வேண்டும். அங்கே காந்தப்புலத்தில் அயனி சுற்றுகிற அதிர்வெண்ணைப் பார்த்து நிறையைச் சொல்கிறார்கள். சூடான அயனி பெரிய வட்டமாகச் சுற்றிக் காந்தப்புலம் சீராக இல்லாத இடத்துக்குப் போய்விடும், அளவு கெட்டுவிடும். துத்தநாகம் 82 என்ற அணுக்கருவில் பாதி கால் நொடிக்குள் சிதைந்துவிடும். அதைப் பிடித்து, குளிர்வித்து, எடை போட்டு 2013-இல் வெளியிட்டார்கள். நியூட்ரான் விண்மீனின் மேலோட்டில் என்னென்ன அணுக்கரு இருக்கும் என்ற கணக்கே அந்த ஒரு எடையால் மாறியது. உங்கள் மாணவிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

#8 பள்ளத்தூர் பெரியவர் (புதன், காலை 6.15)

நான் நாற்பது வருடம் வெற்றிடப் பம்புகளோடும், அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டுகிற நிறைமாலைமானிகளோடும் காலம் தள்ளியவன். கண்டனூர்த் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் 'கொஞ்சமாக ஹீலியம் விடுகிறோம்' என்று ஒரே வரியில் கடந்துபோனார். வேலையின் முக்கால்வாசி அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏன் ஹீலியம்? ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க அதிக ஆற்றல் கேட்பது ஹீலியம்தான், 24.6 எலக்ட்ரான் வோல்ட். உலோக அயனி எத்தனை முறை மோதினாலும் ஹீலியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்காது. அயனி அயனியாகவே இருக்கும். ஆனால் அந்த ஹீலியத்தில் துளி ஈரம் இருந்தாலும் வேலை கெட்டது. தண்ணீர் மூலக்கூறு அயனியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் சிகரம் குட்டையாக, அதற்குப் பதினெட்டு தள்ளி இன்னொரு சிகரம் உயரமாக வந்தது. 18, 36 என்று படிப்படியாக நின்றது. 18 என்றால் தண்ணீர். இரண்டு வாரம் பம்பைக் கழற்றினோம், ஓரிங்கை மாற்றினோம், கலத்தைச் சூடேற்றினோம். சிகரம் அசையவில்லை. கடைசியில் பார்த்தால், சிலிண்டரிலிருந்து வரும் வாயுக் குழாயில் ஒன்றரை முழத்துக்கு யாரோ அவசரத்துக்கு நைலான் டியூப் போட்டிருந்தார்கள். நைலான் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே கசியும். மழைக்காலம் வேறு. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டு, ஒரு ராத்திரி முழுக்கச் சூடேற்றி, திரவ நைட்ரஜனில் முக்கிய சுருள் வழியாக ஹீலியத்தை விட்டோம். மறுநாள் காலை பதினெட்டு இருந்த இடம் தெரியவில்லை. கூட வேலை பார்த்த பையன் அந்த நைலான் துண்டைக் கட்டி ஆணியில் மாட்டி வைத்தான், இனி யாரும் எடுக்கக் கூடாது என்று.

தம்பியிடம் ஒரு கருத்து வேறுபாடு. 'குளிர்வித்தல்' என்று தமிழில் எழுதினால் பிள்ளைகள் ஐஸ்பெட்டியை நினைப்பார்கள். 'ஒடுக்கம்' என்றோ 'சீராக்கல்' என்றோ சொல்லலாமே.

#9 ஊருணி (புதன், காலை 10.50)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். காரைக்குடிப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்டனூரார் சொன்ன கருவியின் தங்கச்சி எங்கள் மேசையில் இருக்கிறது என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க, நீரை ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்து அயனியாக்குவோம். ஆர்சனிக்கின் நிறை 75. உப்புத் தண்ணீராக இருந்தால் குளோரின் 35-உம் ஆர்கான் 40-உம் ஒட்டிக்கொண்டு அதுவும் 75-இல் வந்து நிற்கும். ஆர்சனிக்கே இல்லாத தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதாகக் காட்டும். ஆகவே கம்பிகளுக்கு நடுவே ஹீலியம் விட்ட ஓர் அறை வழியாக அனுப்புவோம். இரண்டு அணு ஒட்டிய அயனி உருவில் பெரியது. அதிகம் முட்டி அதிக ஆற்றலை இழக்கும். வாசலில் ஒரு சின்ன மின்னழுத்தத் தடை. ஆர்சனிக் ஏறித் தாண்டும், மற்றது தாண்ட முடியாமல் நின்றுவிடும். இத்தனை வருடம் 'ஹீலியம் மோட்' என்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன், அது இந்தக் குடும்பம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

#10 கண்டனூரான் (புதன், பிற்பகல் 1.30)

ஊருணி ஆச்சி, அருமையான உதாரணம். குடும்பம் ஒன்றேதான். நாங்கள் முழுதும் குளிரும்வரை வைத்திருக்கிறோம், நீங்கள் பாதியில் நிறுத்தி, யார் எவ்வளவு இழந்தார்கள் என்பதை வைத்து ஆளைப் பிரிக்கிறீர்கள்.

பெரியவர் ஐயா, நைலான் கதையை எங்கள் கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் சொல் விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குளிர்வித்தல் இங்கே உவமை கிடையாது. அயனி உண்மையாகவே ஹீலியத்தின் வெப்பநிலைக்கு வருகிறது. ஹீலியத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர வைத்தால் அயனியும் இன்னும் குளிர்கிறது. 'ஒடுக்கம்' என்றால் லென்ஸ் வைத்து அழுத்தியதாக நினைத்துவிடுவார்கள். தம்பிக்கு வந்த குழப்பமே அதுதான்.

#11 தேவகோட்டை டீச்சர் (புதன், இரவு 8.45)

அந்தப் பெண் இன்று அடுத்த கேள்வியோடு வந்துவிட்டாள். செர்னில் மெதுவாக்குவது எதிர்ப்புரோட்டான், அதாவது புரோட்டானின் எதிர்த்துகள். அது எந்த அணுவைத் தொட்டாலும் அழிந்துவிடும் என்று படித்திருக்கிறாள். "அப்போ ஹீலியம் எப்படி விடுவாங்க டீச்சர்?"

#12 கண்டனூரான் (வியாழன், அதிகாலை 12.50)

விட முடியாது! சரியான இடத்தில் கேட்டிருக்கிறாள்.

எதிர்ப்புரோட்டான் எலக்ட்ரானைத் தொட்டால் அழியாது. எலக்ட்ரானுக்கு எதிர்த்துகள் பாசிட்ரான்தான். இரண்டும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளுமே தவிர வேறு ஆபத்து இல்லை. ஆகவே குளிர்ந்த எலக்ட்ரான் கற்றை ஒன்றை, அதே வேகத்தில், அதனோடு கலந்தே ஓட விடுகிறார்கள். கூட ஓடுகிறவர்கள் பார்வையில் எலக்ட்ரான்கள் நிற்கின்றன, எதிர்ப்புரோட்டான்கள் தாறுமாறாக அசைகின்றன. அந்த அசைவின் ஆற்றல் எலக்ட்ரானுக்குப் போய்விடும். சூடான எலக்ட்ரானை வளைத்து வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க்கில் புட்கர் என்ற இயற்பியலாளர் 1966-இல் சொன்ன யோசனை, 1974-இல் அங்கேயே செய்து காட்டினார்கள்.

பிள்ளைகளை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரே வேகம் என்றால் ஆற்றல் நிறை விகிதத்தில் வரும், 1836-க்கு 1. செர்னின் எதிர்ப்புரோட்டான் மெதுவாக்கி 5.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை இறக்கும். அதற்கு ஈடான எலக்ட்ரானுக்கு வெறும் 2.9 கிலோ. பக்கத்தில் இருக்கும் எலினா என்ற 30 மீட்டர் சுற்றளவுள்ள வளையம் அதை 100 கிலோவுக்குக் கொண்டுவரும். அங்கே எலக்ட்ரானுக்கு 55 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். எலினா வருவதற்கு முன்பு, 5.3 மில்லியனிலிருந்து பொறிக்குள் வர மெல்லிய தகடுகளில் மோதவிட்டு மெதுவாக்கினார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வீணானது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த எதிர்ப்பொருள் தகட்டிலேயே அழிந்துபோகும். மெதுவாக்குவதும் குளிர்விப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிட வலிக்கிற சாட்சி எனக்குத் தெரியாது.

எதற்கு இவ்வளவும் என்றால், 2023-இல் செர்னின் ஆல்ஃபா குழுவினர் எதிர் ஹைட்ரஜன் அணுவைப் பிடித்து வைத்து, விட்டுப் பார்த்தார்கள். கீழேதான் விழுந்தது. எதிர்ப்பொருளும் நம் மாம்பழம் மாதிரி பூமியை நோக்கித்தான் விழும் என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு, முதலில் அது குளிர்ந்திருக்க வேண்டும்.

#13 சிறாவயல் தம்பி (வியாழன், காலை 8.10)

அண்ணே, கற்றையைக் குளிர்விக்க சைமன் வான் டெர் மீர் கண்ட வழி பற்றிப் படித்தேன். வளையத்தில் ஒரு பக்கம் துகள்களின் விலகலை அளந்து, குறுக்கு வழியில் சிக்னலை அனுப்பி, எதிர்ப்பக்கம் வருவதற்குள் திருத்துவது. 1984 நோபல், கார்லோ ரூபியாவோடு. இது மின்புலத்தால் தள்ளுவதுதானே, லியூவில் இங்கே எங்கே போனார்?

#14 கண்டனூரான் (வியாழன், பிற்பகல் 12.15)

போகவில்லை. மாவு என்று சொன்னேன் இல்லையா, உண்மையில் அது ஒட்டிய மாவு இல்லை, அரிசி. மணிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது. ஒவ்வொரு மணியும் எங்கே இருக்கிறது என்று ஓரளவு தெரிந்தால், மணியை உள்ளேயும் காலி இடத்தை வெளியேயும் நகர்த்தலாம். வான் டெர் மீர் செய்தது அதுதான். துகள் அதிகமானால் தனித்தனியாகப் பார்க்க முடியாது, குளிர நேரமாகும். நீ கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கிறாய் என்றால், பின்னூட்டச் சுற்றுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

#15 தேவகோட்டை டீச்சர் (சனி, இரவு 9.00)

பவுல் அவர்களே காட்டிய குதிரைச் சேண மாதிரியை இன்று செய்து பார்த்தோம். எங்கள் ஆசாரி பழைய தேக்குத் துண்டில் சேணம் போல் குடைந்து கொடுத்தார். இரண்டு பக்கம் மேடு, இரண்டு பக்கம் சரிவு. தையல் மெஷின் மோட்டாரில் ரெகுலேட்டர் வைத்துச் சுற்றினோம். மெதுவாகச் சுற்றினால் கோலிக்குண்டு உடனே உருண்டு ஓடுகிறது. வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நடுவிலேயே தத்தளித்துக்கொண்டு நின்றது! பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார்கள்.

உங்கள் கம்பிகளுக்கு இது சரியான மாதிரிதானா? இன்னொன்று, லித்தியம் போல லேசான அயனி வந்தால் ஹீலியம் சரிப்படுமா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

#16 கண்டனூரான் (ஞாயிறு, காலை 11.25)

மிக நெருங்கிய மாதிரி. ஒரே வித்தியாசம், உங்கள் சேணம் சுற்றுகிறது, எங்கள் மின்புலம் சுற்றாமல் மேடும் பள்ளமும் இடம் மாறுகிறது. அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வாயு அணு அயனியைவிட நன்றாக லேசாக இருக்க வேண்டும். அயனிக்குச் சமமாகவோ கனமாகவோ இருந்தால் ஒவ்வொரு மோதலும் அயனியை நடுக்கோட்டிலிருந்து தூக்கி எறியும், அங்கே இருக்கும் மாறுமின்புலம் அதைக் குளிர விடாமல் சூடாக்கும். லித்தியம் 6, 7, ஹீலியம் 4. நூலிழையில் நடக்கிற வேலை, நிறைய அயனி வீணாகும். நேராக இந்த இடத்துக்கு வந்து கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

எங்களிடம் பழைய கம்பித் தொகுதி ஒன்று கழற்றி வைத்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நம் ஊர் நேரம் சாயங்காலம் ஆறரைக்கு வீடியோவில் வருகிறேன், பிள்ளைகளை இருக்கச் சொல்லுங்கள். துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

#17 தேவகோட்டை டீச்சர் (ஞாயிறு, பிற்பகல் 12.02)

ஆறரைக்கு இருப்போம். சேணத்தையும் மோட்டாரையும் வளவிலேயே வைத்திருக்கிறேன். ஊருணி ஆச்சி, பெரியவர் ஐயா, நீங்களும் நேரில் வந்தால் பிள்ளைகளுக்கு நல்லது.

#18 பள்ளத்தூர் பெரியவர் (ஞாயிறு, பிற்பகல் 2.40)

வருகிறேன் அம்மா. அந்த நைலான் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.